இருபத்தெட்டரை டிகிரி

எட்மண்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
ரயில் நிலையத்திலிருந்து ஆய்வகம் ஏழு நிமிடம்,
அதற்குள் இமை மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.
கீழ்த்தளத்தில் மீன்களுக்கு மட்டும்
வருடம் முழுக்க இருபத்தெட்டரை.

ஒன்பது மணிக்கு விளக்கு தானே எரியும்,
அவற்றுக்கு அதுதான் சூரியன்.
நேற்று மாலை ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே செருகிய
பிளாஸ்டிக் தட்டியை உருவுகிறேன்.
கொஞ்சம் துரத்தல், ஓர் உரசல்.
முட்டைகள் சல்லடைக்குக் கீழே விழுகின்றன,
பெற்றவளே தின்றுவிடாதபடி.
தேநீர் வடிகட்டியில் அள்ளுகிறேன்.
டாலர் கடையில் வாங்கியது. ரசீது தந்தால்
பணம் வரும் என்றாள் ஒக்சானா. தரவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு.

தாயும் தகப்பனும் நலம், நன்றாக நீந்துகிறவர்கள்.
ஒரே பிழையை ஆளுக்கொரு பிரதியாக
உள்ளே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.
நான்கில் ஒன்றுக்கு இருவர் பிழையும் சேர்ந்து வரும்.
எது அந்த ஒன்று என்று
இந்த நிமிடம் பார்த்தால் தெரியாது,
எல்லாம் ஒரே கண்ணாடி மணி.

அந்த மரபணுவை நான் கழுத்தில்லி என்று சொல்லிக்கொள்வேன்.
மரபணுக்களுக்குப் பெயர் பெரும்பாலும் அப்படித்தான்:
உடைந்தால் எது காணாமல் போகிறதோ
அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
ஒழுங்காக வேலை செய்த நாளெல்லாம்
யாரும் அதைக் கூப்பிடவே இல்லை.

நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையே
ஒரு மடிப்பு. ஒரு முடியின் அகலம் இருக்கலாம்.
முதல் வருடம் அதை வேலி என்று நினைத்தேன்.
பிறகுதான் பார்த்தேன்,
அந்தக் கோட்டில் நிற்கிற செல்கள்
இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கின்றன.
முன்பக்கம் திரும்பி: கண் அனுப்புவதை நீ வாங்கிக்கொள்.
பின்பக்கம் திரும்பி: உடம்பு சாயாமல் நீ பார்த்துக்கொள்.
கோடு அழிந்தால்
இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றாகிவிடும் என்றுதானே தோன்றும்.
ஆவதில்லை.
இரண்டுமே கரைந்து போகின்றன.

மறுநாள் காலை இன்குபேட்டரின் சிவப்பு எண்: 22.
இரவில் எப்போதோ ஒரு ஃபியூஸ்.

கடிகாரப்படி இருபத்துநான்கு மணி நேரக் கருக்கள்.
இதயம் தொடங்கியிருக்க வேண்டும்.
இடுக்கியால் சவ்வைக் கிழித்து
லென்சுக்கு அடியில் வைத்தால்
சில வாலைச் சொடுக்கின. துடிப்பு இல்லை.
முதுகோரத்துத் தசைத் துண்டுகளை எண்ணினேன்.
இருபது.
அப்படியானால் வயது பத்தொன்பது மணிதான்.

கொட்டிவிட்டுப் புதிதாய் ஆரம்பி, என்றாள் ஒக்சானா.
சரியான யோசனை. நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன்.
தட்டை எடுத்துக்கொண்டு
மூன்றாம் மாடிக்கு நடந்தேன், உள்ளங்கையால் மூடியபடி.
சீமோனின் இன்குபேட்டரில் ஓர் ஓரம் கிடைத்தது.

ஐந்து மணி நேரம் எங்கே போயிற்று என்று
மதிய உணவின்போது யோசித்தேன்.
எங்கும் போகவில்லை. எதையும் அவை தாண்டிவிடவும் இல்லை.
குளிரில் மெதுவாக நடந்தன, வரிசை பிசகாமல்.
என் பாஸ்போர்ட்டில் முப்பத்தெட்டு.
இரண்டு வருடம் என்று வந்து ஏழாவது குளிர்காலம்.
துண்டுகளை எண்ணிப் பார்த்தால்
எனக்கு எவ்வளவு வரும்?

இரண்டரை மணிக்கு ஒன்று துடித்தது.
பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

மடிப்பு விழுந்தவை எண்பத்து நான்கு.
வெண்மையாகிச் செத்தது ஒன்று.
மடிப்பில்லாமல் மூளை நேரான குழாயாக நின்றவை
இருபத்தேழு.
அவற்றின் இதயமும் அதே வேகத்தில்தான் அடித்தது.
அதைக் குறிக்க என் அட்டவணையில் கட்டம் இல்லை.
விளிம்பில் எழுதினேன்.

மாலை எல்லாவற்றையும் மயக்கி
ஃபார்மலினில் போட்டேன், அதுவும் வேலைதான்.

நோட்டில் கடைசி வரி:
தாமதம் ஐந்து மணி. காரணம் குளிர்.
தேதி போட்டுக் கையெழுத்திட்டு
பூட்ஸைத் தேடினேன். ஒன்று ஹீட்டருக்கு அடியில் கிடந்தது.